தையல் மெஷின் பழகத் தொடங்குகிறவர்களின் கேள்விகள்

மெஷின் வீட்டுக்கு வந்துவிட்டது. அல்லது பல வருஷமாக மூலையில் உறை போட்டுக் கிடந்ததைத் துடைத்து எடுத்தாயிற்று. ஆனால் முன்னால் உட்கார்ந்ததும் எதைத் தொடுவது, எதைத் திருப்புவது என்று கை தயங்குகிறது. அந்த நிலையில் இருப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளைத் திரட்டி, பதிலோடு இங்கே வைத்திருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. துணிக்கு அடியில் நூல் சுருண்டு மெஷின் நின்றுபோன எரிச்சலில் வந்திருக்கிறீர்கள் என்றால், நேரே அந்தக் கேள்விக்குப் போய்விடுங்கள்.

கையால் பொத்தான் தைத்தால்கூடக் கோணலாகப் போகிறது. எனக்கு மெஷின் தையல் வருமா?

வரும். இரண்டும் வேறு வேறு பழக்கம். கைத்தையலில் ஒவ்வொரு தையலையும் நீங்களே போட வேண்டும். அது சீராக வர நாளாகும். மெஷினில் தையலைப் போடும் வேலை மெஷினுடையது. துணி எந்தத் திசையில் போகிறது, என்ன வேகத்தில் போகிறது என்ற இரண்டை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்கள். திசை கையில், வேகம் காலில். இரண்டும் சேர்ந்து ஓடும்வரை கொஞ்சம் தடுமாறும், அவ்வளவுதான்.

முதல் மெஷினாக எதை வாங்கலாம்?

நேர்த்தையல், ஜிக்ஜாக், பின்னோக்கித் தைக்கும் லிவர், தையல் நீளத்தை மாற்றும் வசதி. இந்த நான்கும் ஒழுங்காக வேலை செய்தால் போதும். காஜா போடும் வசதியும் இருந்தால் நல்லது. ஐம்பது டிசைன், நூறு டிசைன் என்று பெட்டியில் அச்சடித்திருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவற்றை ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் தொடவே மாட்டீர்கள்.

காலால் மிதிக்கும் மெஷினுக்கு மின்சாரம் வேண்டாம். கனமாக இருப்பதால் ஆடாது. வேகம் முழுக்க உங்கள் வசம் இருக்கும். ஆனால் பெரும்பாலும் நேர்த்தையல் மட்டுமே போடும், இடத்தையும் அடைக்கும். மோட்டார் மெஷின் வாங்குவதாக இருந்தால், அதிகபட்ச வேகத்தைக் குறைத்து வைக்கும் ஸ்லைடர் இருக்கிறதா என்று பாருங்கள். புதிதாகப் பழகுகிறவருக்குப் பத்து டிசைனைவிட அந்த ஒரு ஸ்லைடர் பெரிது.

கார்மென்ட் கம்பெனிகளில் ஓடும் பவர் மெஷினைத் தொடக்கத்திலேயே வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. அது நிமிடத்துக்கு 5000 தையல் வரை ஓடக்கூடியது. வீட்டு மெஷின் சுமார் ஆயிரம்தான். கால் பழகாதவர் பவர் மெஷினை மிதித்தால், என்ன நடந்தது என்று புரியும் முன்பே துணி அந்தப் பக்கம் போயிருக்கும்.

பழைய மெஷின் ஒன்று கிடைத்திருக்கிறது. ஓடுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நூல் கோக்காமல், கைச்சக்கரத்தை உங்களை நோக்கி மெதுவாகச் சுற்றுங்கள். தடங்கல் இல்லாமல் சுற்றினால் பாதிக் கவலை தீர்ந்தது. இறுக்கமாக இருந்தால் பழைய எண்ணெய் பிசினாக உறைந்திருக்கலாம். எண்ணெய் விட்டு, ஒரு நாள் ஊற விட்டு, முன்னும் பின்னும் மெல்ல அசைத்துக் கொடுத்தால் பெரும்பாலும் இளகிவிடும். வலுக்கட்டாயமாகத் திருப்பாதீர்கள்.

ஊசி இறங்கும் துளையைச் சுற்றித் தட்டில் கீறலோ குழியோ இருக்கிறதா என்று விரல் நுனியால் தடவிப் பாருங்கள். கீறல் இருந்தால் நூல் அங்கே உரசி அறும். தட்டை மாற்ற வேண்டியிருக்கும். மோட்டார் மெஷின் என்றால் வயர், பிளக், பெடல் மூன்றையும் சோதியுங்கள். வயரில் உறை வெடித்திருந்தால் மாற்றிய பிறகுதான் சொருக வேண்டும். மிதி மெஷினில் தோல் பெல்ட் தளர்ந்திருந்தால் கொஞ்சம் வெட்டிச் சுருக்கி, கொக்கியை மறுபடி மாட்டினால் போதும். கீழ் நூலைச் சுற்றி வைக்கும் பாபின், அதைப் போடும் பாபின் கேஸ் இரண்டும் கூடவே வருகின்றனவா என்று கேட்க மறக்காதீர்கள். அந்த மெஷினுக்குப் பொருந்தும் பாபின் கேஸைத் தேடி அலைவது சலிப்பான வேலை.

மெஷின் உள்ளே என்னதான் நடக்கிறது? தெரிந்துகொள்ளத்தான் வேண்டுமா?

தெரிந்துகொண்டால் பின்னால் வரும் கோளாறுகளில் பாதி தானாகவே புரிந்துவிடும். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வீட்டு மெஷின் போடுவது இரண்டு நூல் தையல். மேல் நூல் ஊசி வழியாக வருகிறது. கீழ் நூல் பாபினிலிருந்து வருகிறது. ஊசி துணியைத் துளைத்துக் கீழே போகும். அடிமட்டம் வரை போய்ச் சற்றே மேலே எழும்போது, ஊசியின் பின்பக்கத்தில் நூல் தளர்ந்து ஒரு சின்ன வளையமாகப் புடைக்கும். அந்தக் கணத்தில் கீழே இருக்கும் கொக்கியின் முனை வளையத்துக்குள் நுழைந்து, அதை இழுத்து விரித்து, பாபினைச் சுற்றிக் கொண்டுபோய் விட்டுவிடும். இப்போது மேல் நூலின் வளையத்துக்குள் கீழ் நூல் சிக்கியிருக்கும். மேலே ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் நூல் இழுப்பான் மிச்ச நூலை வெடுக்கென்று இழுக்க, இரண்டு நூலும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு துணியின் நடுவில் போய் உட்காரும். ஊசி துணிக்கு மேலே வந்ததும், கீழே இருக்கும் பற்கள் எழும்பித் துணியை ஒரு தையல் தூரம் பின்னால் தள்ளும். ஒரு தையல் முடிந்தது.

இதில் முக்கியமான சங்கதி, ஊசியின் கண் கூர்முனையில் இருப்பது. கைத்தையல் ஊசிக்குக் கண் மறுமுனையில் இருக்கும். அப்படிப்பட்ட ஊசி முழுதாகத் துணியைத் தாண்டிப் போனால்தான் நூல் போகும். பிரான்சில் பார்த்தெலெமி திமோனியே 1830-இல் காப்புரிமை வாங்கிய மெஷின் கொக்கி ஊசியால் ஒற்றை நூல் சங்கிலித் தையல்தான் போட்டது. முனையில் கண் வைத்த ஊசியும் இரண்டு நூல் தையலும் கொண்ட மெஷினுக்கு அமெரிக்காவில் இலயாஸ் ஹோவ் 1846-இல் காப்புரிமை பெற்றார். ஐசக் சிங்கரின் மெஷின் 1851-இல் வந்தது. இன்று உங்கள் மேஜையில் இருக்கும் மெஷினும் அடிப்படையில் அதே வேலையைத்தான் செய்கிறது.

ஊசியில் எண்கள் போட்டிருக்கின்றனவே, எதை வாங்குவது?

பாக்கெட்டில் 90/14 என்பதுபோல் இரண்டு எண்கள் இருக்கும். இரண்டும் ஒரே அளவைத்தான் சொல்கின்றன. 90 என்றால் ஊசித்தண்டின் விட்டம் 0.9 மில்லிமீட்டர்; 14 என்பது அதற்கான பழைய எண். எண் கூடக் கூட ஊசி தடிமன். மெல்லிய துணிக்கு 70/10 அல்லது 75/11, சாதாரணப் பருத்திக்கு 80/12 அல்லது 90/14, ஜீன்ஸ் போன்ற கனத்த துணிக்கு 100/16. பழகும்போது 90/14 வைத்துக்கொள்ளுங்கள்.

அளவு மட்டும் சரியாக இருந்தால் போதாது, இனமும் பொருந்த வேண்டும். இப்போதைய வீட்டு மெஷின்கள் பெரும்பாலானவற்றுக்கு 130/705 எச் என்ற இனம். அதன் காம்பில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். பவர் மெஷின் ஊசியின் காம்பு முழுக்க உருண்டை. ஒன்றை மற்றொன்றில் போட்டால் தையல் விழாது, சில சமயம் கொக்கியும் அடிபடும்.

மாட்டும்போது ஊசியின் நீளவாக்கில் ஓடும் பள்ளத்தைப் பாருங்கள். நூல் எந்தப் பக்கத்திலிருந்து கண்ணுக்குள் நுழைகிறதோ அந்தப் பக்கம் அந்தப் பள்ளம் இருக்க வேண்டும். தட்டைப் பக்கம் அதற்கு எதிர்ப்புறம். பல மெஷின்களில் தட்டைப் பக்கம் பின்னால் பார்க்கும். சில பழைய மெஷின்களில் பக்கவாட்டில் பார்க்கும். மேலே முட்டும்வரை ஏற்றி, திருகை இறுக்குங்கள்.

எட்டு மணி நேரம் தைத்தால் ஊசியை மாற்றிவிடுவது நல்லது. உடையும்வரை ஒரே ஊசியில் ஓட்டுவது பலருடைய வழக்கம். முனை மழுங்கிய ஊசி துணியைத் துளைக்காமல் குத்தி இழுக்கும். டப் டப் என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் மணிக்கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம், மாற்றுங்கள்.

மேல் நூலைக் கோக்கும் முறை ஒவ்வொரு மெஷினுக்கும் வேறா?

வழி கொஞ்சம் மாறும், வரிசை மாறாது. நூல் கண்டு, கம்பி வளையம், நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள், நூல் இழுப்பான், மறுபடி கம்பி வளையங்கள், ஊசி.

இதில் ஒரே ஒரு விதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: நூல் கோக்கும்போது துணியை அழுத்தும் கால் மேலே தூக்கியிருக்க வேண்டும். கால் தூக்கியிருக்கும்போதுதான் டென்ஷன் தட்டுகள் விலகி நூலை உள்ளே விடும். இறக்கி வைத்துக் கோத்தால் நூல் தட்டுகளுக்கு வெளியே நின்றுவிடும். கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரியும், தைத்தால் அடியில் நூல் சுருளும். சரிபார்க்க எளிய வழி உண்டு. காலை இறக்கிவிட்டு, ஊசிப் பக்கம் நூலை இழுத்துப் பாருங்கள். இறுக்கமாக வந்தால் சரி. தூக்கியிருந்தபோது வந்ததுபோலவே லேசாக வந்தால் மறுபடி கோக்க வேண்டும்.

ஊசி மேலே இருக்கும் நிலையில்தான் நூல் இழுப்பானும் மேலே நிற்கும். அப்போதுதான் அதில் நூலை மாட்ட வசதி.

பாபினில் நூல் சுற்றுவது எப்படி?

இறுக்கமாக, சமமாக. தொளதொளவென்று சுற்றிய பாபினில் நூல் விட்டுவிட்டு வரும், தையலும் அப்படியே விழும். நூல் சுற்றும் வழியில் ஒரு சின்ன டென்ஷன் தட்டு இருக்கும். அதன் வழியாக விடுங்கள். விளிம்புக்கு மேல் வழியும்படி நிரப்பக் கூடாது. சுற்றும்போது ஊசி ஏறி இறங்க வேண்டியதில்லை என்பதால், பல மெஷின்களில் கைச்சக்கரத்தின் நடுவில் உள்ள குமிழைத் தளர்த்திவிட்டுச் சுற்றுவார்கள். சுற்றி முடித்ததும் அதை மறுபடி இறுக்க வேண்டும். “மோட்டார் ஓடுகிறது, ஊசி அசையவில்லை” என்று பதறுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இந்தக் குமிழ்.

பாபின் கேஸில் போட்டதும் நூலைப் பக்கவாட்டுப் பிளவில் இழுத்து, ஸ்பிரிங் தகட்டுக்கு அடியில் கொண்டுவர வேண்டும். மேலிருந்து பாபின் போடும் மெஷினில், நூலை இழுத்தால் பாபின் பெரும்பாலும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும். உங்கள் மெஷினின் கையேட்டில் படம் இருக்கும், ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள்.

பிறகு மேல் நூலின் நுனியை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கையால் சக்கரத்தை ஒரு முழுச் சுற்று சுற்றினால் ஊசி கீழே போய்க் கீழ் நூலைக் கவ்வி மேலே கொண்டுவரும். இரண்டு நூலையும் காலுக்கு அடியில் விட்டுப் பின்னால் ஒதுக்குங்கள்.

துணியில் தொடங்குவதற்கு முன் என்ன பழக வேண்டும்?

கால். முதலில் நூலும் வேண்டாம், துணியும் வேண்டாம். மிதி மெஷின் என்றால் கையால் சக்கரத்தை உங்களை நோக்கிச் சுற்றிவிட்டு, அந்த வேகத்தைத் தொடர்ந்து காலால் மிதியுங்கள். தொடக்கத்தில் சக்கரம் அடிக்கடி எதிர்த்திசையில் திரும்பும். நூல் கோத்திருக்கும்போது அப்படித் திரும்பினால் நூல் சிக்கும். அதனால்தான் நூலில்லாமல் பழகச் சொல்வது. நினைத்த இடத்தில் நிறுத்தவும், நின்ற இடத்திலிருந்து சரியான திசையில் கிளப்பவும் வந்துவிட்டால் அடுத்த படிக்குப் போகலாம்.

மோட்டார் பெடலை முன்பாதத்தால் லேசாக அழுத்துங்கள்; குதிகால் தரையில் இருக்கட்டும். ஒரே ஒரு தையல் போட்டு நிறுத்த முடிகிறதா என்று பாருங்கள். வேகமாக ஓட்டுவது யாருக்கும் வந்துவிடும், மெதுவாக ஓட்டுவதுதான் பழக்கம்.

அப்புறம் கோடு போட்ட நோட்டுத் தாள். நூல் இல்லாமல் கோட்டின் மேலேயே ஓட்டுங்கள். துளைகள் கோட்டில் விழுந்திருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். நேர்க்கோடு, கட்டம், அலை, சுருள் என்று போகலாம். காகிதம் ஊசியை மழுங்கடிக்கும். அந்த ஊசியைத் தனியே எடுத்து வைத்து, துணிக்குப் புது ஊசி போடுங்கள்.

பழகுவதற்கு எந்தத் துணி, எந்த நூல்?

கஞ்சி போட்டதுபோல் கொஞ்சம் விறைப்பாக நிற்கும் நடுத்தரப் பருத்தித் துணி. பழைய படுக்கை விரிப்பு நன்றாக உதவும். சாட்டின், ஜார்ஜெட், பட்டு வழுக்கும். டி-ஷர்ட் துணி இழுபடும். இவற்றை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.

நூல் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். நல்ல பாலியஸ்டர் நூல் எல்லாத் துணிக்கும் ஒத்துவரும். மலிவு நூலை வெளிச்சத்தில் பிடித்தால் பஞ்சு பஞ்சாகப் பிசிறும், இடையிடையே முடிச்சும் தெரியும். வருஷக்கணக்காகக் கிடந்த நூலையும் கையால் இழுத்துப் பாருங்கள். பட்டென்று அறுந்தால் மெஷினிலும் அறும்.

கோடு போட்டுத் தைத்தாலும் தையல் வளைந்து போகிறது. ஏன்?

ஊசியைப் பார்த்துக்கொண்டு தைப்பதால். ஏறி இறங்கும் ஊசியில் கண் நின்றால் துணி எங்கே போகிறது என்று தெரியாது. ஊசித்தட்டில் இணைகோடுகள் பொறித்திருக்கும். துணியின் ஓரத்தை அதில் ஒரு கோட்டோடு ஒட்டி வைத்து, அந்த ஓரத்தை மட்டும் பாருங்கள். கோடுகள் இல்லாத பழைய மெஷினில், ஊசியிலிருந்து அரை அங்குலம் அளந்து தட்டின் மேல் ஒரு டேப் ஒட்டிக்கொள்ளலாம்.

இன்னொரு காரணம், கை இழுப்பது. துணியை நகர்த்தும் வேலை பற்களுடையது. உங்கள் கை துணியின் மேல் லேசாகப் படுத்திருக்க வேண்டும், ஒன்று முன்னால், ஒன்று இடது பக்கம். பின்னாலிருந்து இழுத்தால் ஊசி வளைந்து தட்டில் இடித்து உடையும். தையல் நீளமும் ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாக விழும்.

தையல் நீளம் எவ்வளவு வைப்பது?

சாதாரணத் தையலுக்கு 2.5 மில்லிமீட்டர். அங்குலத்துக்குச் சுமார் 10 தையல் வரும். பிறகு பிரிக்கப்போகும் தற்காலிகத் தையலுக்கும், சுருக்கம் வைப்பதற்கும் 4 அல்லது 5. சில பழைய மெஷின்களில் எண் அங்குலத்துக்கு எத்தனை தையல் என்பதைக் குறிக்கும். அதில் எண் கூடினால் தையல் சின்னதாகும்.

தொடக்கத்திலும் முடிவிலும் தையல் பிரிந்துவிடுகிறதே?

மூன்று நான்கு தையல் முன்னால் போய், லிவரை அழுத்தி அதே இடத்துக்குப் பின்னால் வந்து, மறுபடி முன்னால் போங்கள். முடிக்கும்போதும் அப்படியே. பின்னோக்கித் தைக்கும் வசதி இல்லாத மெஷினில், நூல்களை ஒரு பக்கம் இழுத்துக் கையால் முடிச்சுப் போடுங்கள்.

மூலையில் எப்படித் திரும்புவது?

ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்துங்கள். துணியை அழுத்தும் காலைத் தூக்கி, துணியைத் திருப்பி, அதை மறுபடி இறக்கித் தொடருங்கள். மூலை வருவதற்கு நான்கைந்து தையல் முன்பே காலால் ஓட்டுவதை நிறுத்திவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் சரியான புள்ளியில் நிற்கலாம். வளைவுக்கு இந்த வித்தை வேண்டாம். தையல் நீளத்தைக் கொஞ்சம் குறைத்து மெதுவாக ஓட்டினாலே வளையும்.

துணிக்கு அடியில் நூல் சுருண்டு சிக்காகிறது. பாபின் கெட்டுவிட்டதா?

எல்லோரும் பாபினைத்தான் சந்தேகிக்கிறார்கள். ஆனால் அடியில் நூல் சுருண்டால் கோளாறு பெரும்பாலும் மேலே இருக்கிறது. கொக்கி மேல் நூலைத்தான் கீழே இழுத்துச் சுற்றுகிறது. மேலே டென்ஷன் தட்டுகள் நூலைப் பிடிக்காவிட்டால், இழுத்த நூல் திரும்ப மேலே போகாமல் அடியிலேயே குவியும்.

அதனால் முதலில் எந்தத் திருகையும் தொடாதீர்கள். சிக்கிய நூலை வெட்டி எடுத்து, துணியை அழுத்தும் காலைத் தூக்கி, மேல் நூலை முழுக்க உருவி, முதலிலிருந்து கோத்துப் பாருங்கள். நூல் இழுப்பானில் மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது விட்டுப்போனால் ஒரு அங்குலம்கூடத் தைக்க முடியாது. இரண்டும் சரியாக இருந்தும் தொடக்கத்தில் மட்டும் சிக்கினால், முதல் சில தையல்களுக்கு இரண்டு நூல் நுனிகளையும் பின்னால் பிடித்துக்கொள்ளுங்கள். துணியின் விளிம்பிலேயே ஊசியை இறக்காமல் சற்று உள்ளே தள்ளித் தொடங்குவதும் உதவும்.

துணியை அழுத்தும் காலை இறக்க மறந்து தைத்தாலும் இதே குவியல் வரும். கேட்கச் சிரிப்பாக இருக்கும், பல வருஷம் தைத்தவர்களுக்கும் நடக்கும்.

டென்ஷனை எப்போது திருப்பலாம்?

மறுபடி கோத்து, ஊசியை மாற்றிப் பார்த்த பிறகு. மேல் நூலாக ஒரு நிறம், பாபினில் வேறு நிறம் போட்டு, இரண்டு மடிப்புத் துணியில் ஒரு சாண் தைத்துப் பாருங்கள். மேலே மேல் நூல் மட்டும், கீழே கீழ் நூல் மட்டும் தெரிந்தால் சரி. கீழ் நூலின் நிறம் மேலே புள்ளி புள்ளியாக எட்டிப் பார்த்தால் மேல் டென்ஷன் அதிகம், எண்ணைக் குறையுங்கள். மேல் நூல் அடியில் தெரிந்தால் கூட்டுங்கள். ஒரு நேரத்தில் அரை எண், அதிகம் போனால் ஒன்று. ஒவ்வொரு முறையும் தைத்துப் பாருங்கள்.

பாபின் கேஸில் உள்ள சின்னத் திருகை அனேகமாகத் தொடவே தேவையிருக்காது. சோதிக்க வேண்டுமென்றால், நூல் நுனியைப் பிடித்துக் கேஸைத் தொங்க விடுங்கள். சும்மா இருக்கும்போது இறங்காமல், கையை லேசாக வெட்டினால் கொஞ்சம் இறங்கி நின்றால் நல்ல நிலையில் இருக்கிறது. கடகடவென்று இறங்கினால் தளர்ச்சி. அசையவே இல்லையென்றால் இறுக்கம்.

நடுநடுவே தையல் விடுகிறது. நூல் அறுகிறது. ஊசியும் உடைகிறது.

தையல் விட்டால் ஊசியைப் பாருங்கள். மேலே சொன்ன அந்தச் சின்ன வளையத்தைக் கொக்கி பிடிக்கவில்லை என்று அர்த்தம். ஊசி வளைந்திருக்கலாம், திருப்பி மாட்டியிருக்கலாம், முழுக்க மேலே ஏறாமல் இருக்கலாம். இழுபடும் துணியென்றால் உருண்டை முனை ஊசி வேண்டும்.

மேல் நூல் அறுந்தால்: டென்ஷன் அதிகம், நூல் கண்டின் வெட்டுவாயில் நூல் மாட்டியிருக்கிறது, நூலுக்குச் சின்ன ஊசி, அல்லது நூலே மட்டம். ஊசி உடைவது அனேகமாகத் துணியை இழுப்பதால், இல்லையென்றால் குண்டூசியின் மேல் தைப்பதால். குண்டூசி ஊசிக்கு அருகில் வரும்போது நிறுத்தி உருவிவிடுங்கள். ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளும் கிடைத்தனவா என்று பார்க்காமல் மறுபடி ஓட்டக் கூடாது; கொக்கிப் பகுதியில் ஒரு துண்டு கிடந்தால் செலவு வைக்கும்.

வெட்டுவதற்கு முன் துணியைத் துவைக்க வேண்டுமா?

பருத்தி என்றால் கட்டாயம். முதல் துவைப்பில் சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் அளவு போய்விடும். துவைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டு, அப்புறம் வெட்டுங்கள்.

வெட்டும்போது இழை பார்க்க வேண்டும். துணியின் கரைக்கு இணையாக ஓடுவது நீள இழை, அது மிகக் குறைவாகவே இழுபடும். குறுக்கு இழை சற்று கொடுக்கும். மூலைவிட்டமாக, 45 டிகிரியில் வெட்டுவது கிராஸ். நன்றாக இழுபடும் என்பதால் கழுத்து வளைவுக்குப் பட்டி கொடுக்க அது உதவும். பையோ தலையணை உறையோ தைக்கும்போது கிராஸாக வெட்டிவிட்டால் ஒரு பக்கம் தொங்கும்.

தையலுக்கு விட வேண்டிய துணியைச் சேர்த்து வெட்ட மறக்காதீர்கள். பழகும்போது எல்லாப் பக்கமும் அரை அங்குலம் விடுங்கள். விலைக்கு வரும் காகித பேட்டர்ன்கள் பலவற்றில் 1.5 சென்டிமீட்டர் சேர்த்தே வரைந்திருப்பார்கள்.

இஸ்திரிப் பெட்டி அவசியமா?

ஆமாம், மெஷினுக்குச் சமமாக. ஒவ்வொரு தையலும் முடிந்ததும் முதலில் தையலின் மேலேயே அழுத்தி, பிறகு இரண்டு ஓரங்களையும் விரித்து அழுத்துங்கள். இழுத்துத் தேய்க்க வேண்டாம், வைத்து எடுத்தால் போதும். ஒரு தையலை இன்னொரு தையல் குறுக்கே தாண்டும் முன் முதல் தையலுக்கு இஸ்திரி ஆகியிருக்க வேண்டும். கடையில் வாங்கியதுபோல் தெரியும் துணிக்கும் வீட்டில் தைத்தது என்று காட்டிக்கொடுக்கும் துணிக்கும் உள்ள வித்தியாசம் பல நேரம் இதில்தான் இருக்கிறது.

ஓவர்லாக் மெஷின் இல்லை. பிசிறு வராமல் எப்படித் தடுப்பது?

ஓரத்தில் ஜிக்ஜாக் அடியுங்கள். ஜிக்ஜாக்கும் இல்லையென்றால் ஓரத்தை உள்ளே மடித்து நேர்த்தையல் போடலாம். மெல்லிய துணிக்கு உள்மடிப்புத் தையல் அழகாக இருக்கும்: முதலில் நல்ல பக்கம் வெளியே தெரிய ஓரமாகத் தைத்து, பிசிறை நறுக்கி, துணியைத் திருப்பிப் போட்டு, அந்த ஓரம் உள்ளே அடைபடும்படி மறுபடி ஒரு தையல். ரம்பப் பல் போன்ற விளிம்பு வெட்டும் பிங்கிங் கத்தரிக்கோல், அடிக்கடி துவைக்காத பொருட்களுக்குப் போதும்.

எண்ணெய் எப்போது விட வேண்டும்? எந்த எண்ணெய்?

தையல் மெஷின் எண்ணெய் என்று தனியாக விற்கும் நிறமற்ற, நீர்த்த எண்ணெய் மட்டும். சமையல் எண்ணெயும் தலைக்குத் தடவும் எண்ணெயும் நாளடைவில் பிசினாகி மெஷினை இறுக்கிவிடும். இரும்பு மெஷினில் எண்ணெய் விடும் துளைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு. விட்டதும் கொஞ்ச நேரம் சும்மா ஓட்டி, பழந்துணியில் தைத்து, கசியும் எண்ணெயைத் துடையுங்கள். இல்லையென்றால் கறை உங்கள் நல்ல துணியில் விழும். புதிய மெஷின்கள் சிலவற்றுக்கு எண்ணெயே விடக் கூடாது என்று கையேடு சொல்லும். அதன்படி நடங்கள்.

எண்ணெயைவிட அடிக்கடி செய்ய வேண்டியது சுத்தம். ஊசித்தட்டைக் கழற்றினால் பற்களுக்கு இடையில் பஞ்சு அடைந்திருப்பது தெரியும். சின்ன பிரஷால் தட்டி எடுங்கள். வாயால் ஊதாதீர்கள், பஞ்சு உள்ளே போகும், எச்சில் ஈரமும் படும். மோட்டார் மெஷினில் இந்த வேலைக்கு முன் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். ஊசி மாற்றும்போதும் நூல் கோக்கும்போதும் கால் பெடலில் இருக்கவே கூடாது.

முதலில் என்ன தைக்கலாம்?

நேர்க்கோடுகள் மட்டும் உள்ள ஏதாவது: கைக்குட்டை, மேஜைத்துணி, தலையணை உறை, துணிப்பை. ஓரம் மடிப்பது, மூலை திருப்புவது, இரண்டு துண்டுகளை இணைப்பது எல்லாம் இவற்றிலேயே வந்துவிடும். பிறகு நாடா போட்ட பைஜாமா போன்ற தளர்வான உடை. உடம்போடு ஒட்டி நிற்கும் உடையை முதல் வேலையாக எடுக்க வேண்டாம். அதில் தையலைவிட அளவும் வெட்டும்தான் கடினம், அது தனிப் பாடம்.

தப்பாகத் தைத்ததைத் துணி கிழியாமல் எப்படிப் பிரிப்பது?

இரண்டு துணிகளையும் பிடித்து இழுத்துப் பிரிக்காதீர்கள். தையல் பிரிக்கும் சின்னக் கருவியான சீம் ரிப்பரின் கூர்முனையால் ஒரு பக்க நூலை நான்கு அல்லது ஐந்து தையலுக்கு ஒருமுறை வெட்டிக்கொண்டே போங்கள். முழு நீளமும் வெட்டியதும் துணியைத் திருப்பி, மறுபக்க நூலின் நுனியைப் பிடித்து இழுத்தால் ஒரே நூலாக உருவிக்கொண்டு வரும். வெட்டுப்பட்ட துண்டு நூல்களை ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுக்கலாம். ஊசித்துளைகள் தெரிந்தால் லேசாக நனைத்து இஸ்திரி போடுங்கள், பருத்தியில் மறைந்துவிடும். பட்டிலும் ரெக்ஸினிலும் மறையாது. அதனால் அவற்றில் தைக்கும் முன் அதே துணியின் துண்டு ஒன்றில் ஓட்டிப் பாருங்கள்.